கோபுரம் வந்தால் போதுமா?

கேள்வி: உலகின் மூலைமுடுக்கெல்லாம் செல்பேசிக் கோபுரங்கள் வந்துவிட்டன, வயல்வெளியில் நிற்பவர் கையிலும் காணொலி ஓடுகிறது. இன்னமும் கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடையே ‘டிஜிட்டல் இடைவெளி’ என்று எழுதுவது பழைய பல்லவி அல்லவா? (வாசகர் ஒருவர்)

பதில்: கோபுரம் வந்ததையும் இணையம் வந்ததையும் ஒன்றாக்கிவிட்டீர்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, செல்பேசி வழி அகலப்பட்டை (பிராட்பேண்ட்) இணையம் எட்டாத இடங்களில் வாழ்பவர்கள் உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரே. அந்த அளவில் உங்கள் வாதம் சரி. ஆனால், அதே மதிப்பீட்டில், நகரவாசிகளில் 83 விழுக்காட்டினர் இணையத்தைப் பயன்படுத்த, கிராமவாசிகளில் 48 விழுக்காட்டினரே பயன்படுத்துகிறார்கள். அப்போது இணையத்துக்கு வெளியே இருந்த 260 கோடிப் பேரில் 180 கோடிப் பேர் கிராமத்தார். கருவியின் விலை, படிப்பு, தாய்மொழியில் எதுவும் கிடைக்காமை எனக் காரணங்கள் பல.

காணொலியைச் சான்றாகக் காட்டுகிறீர்கள். செல்பேசித் திரையில் தெரியும் சிக்னல் பட்டைகள், கோபுரத்தின் குரல் நமக்கு எவ்வளவு வலுவாகக் கேட்கிறது என்பதைத்தான் காட்டும். நம் குரல் கோபுரத்துக்குக் கேட்கிறதா என்பதைக் காட்டாது. கோபுரம் பல பத்து வாட் ஆற்றலில் பேசுகிறது. சாதாரணச் செல்பேசியோ சுமார் 0.2 வாட்டில் பதில் சொல்கிறது. கோபுரம் அடுத்த தெருவிலேயே நிற்கும் நகரத்தில் இந்த ஏற்றத்தாழ்வு உறைக்காது. கோபுரம் பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரிலோ, படம் தடங்கலின்றி ஓடிய அதே செல்பேசியில் சான்றிதழின் நகலைப் பதிவேற்றப் போனால், வட்டம் சுழன்றுகொண்டே இருக்கும். அதற்குள் ஓடிபியின் ஆயுள் முடிந்து, பக்கம் காலாவதியாகி, எல்லாவற்றையும் முதலிலிருந்து நிரப்பச் சொல்லும். படம் பார்க்க முடிகிறவரால் மனுப் போட முடியவில்லை என்பது உங்கள் கண்ணில் படாததில் வியப்பில்லை.

தொழில்நுட்பத்தில் வழி இல்லாமல் இல்லை. தாழ் அதிர்வெண் அலைகள் நெடுந்தொலைவு செல்லும். பூமிக்கு அருகே சுற்றியபடி இணையம் தரும் தாழ்வான சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்களும் வந்துவிட்டன. தடை செலவுக் கணக்கில் இருக்கிறது. இணையத்தைச் சுமந்துவரும் கண்ணாடியிழை வடத்தின் விலையைவிட அதைப் புதைக்கப் பள்ளம் தோண்டும் செலவே பெரிது. ஒரு கிலோமீட்டர் தோண்டினால் நகரத்தில் நூற்றுக்கணக்கான வீடுகள் கிடைக்கும், சிற்றூரில் நாலைந்துதான் கிடைக்கும். ஃபின்லாந்து 2010 ஜூலையில், நொடிக்கு 1 மெகாபிட் வேக இணைப்பைக் குடிமக்களின் சட்டப்படியான உரிமையாக்கி, அதை வழங்கும் கடமையைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் தலையில் ஏற்றியது. அப்படி யாராவது ஏற்றினாலொழிய இந்தக் கணக்கு மாறாது.

எனக்குக் கோபம் வருவது இன்னோரிடத்தில். ஒழுங்கான இணைப்பு வந்துசேரும் முன்பே, அலுவலகங்களும் வங்கிகளும் நேரில் மனு வாங்கும் சாளரங்களை மூடி, ‘இணையவழி மட்டும்’ என்று பலகை மாட்டிவிடுகின்றன. அவற்றுக்கு மிச்சமான செலவு எங்கும் மறைந்துவிடவில்லை; இணைய மையத்தைத் தேடிப் பேருந்து ஏறுகிறவரின் ஒரு நாள் கூலியாக அது இடம் மாறியிருக்கிறது. போதாததற்கு, தம் கடவுச்சொல்லையும் முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லித்தான் அவர் விண்ணப்பத்தை முடிக்க வேண்டியிருக்கிறது. தாளில் எழுதிய மனுவை வாங்க ஒரு சாளரமும், தொடர்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் படிவமும் கட்டாயம் என்று ஆணையிடப் புதிய கோபுரம் எதுவும் நட வேண்டியதில்லை; அதிகாரத்தில் இருப்பவரின் ஒரு கையெழுத்துப் போதும்.