கேளுங்க சொல்றேன்: புயல் கூண்டுக்குள்ள என்ன இருக்கு?

கேள்வி: பாம்பன்ல 3ஆம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்கன்னு நியூஸ்ல சொல்றாங்களே, நம்பர் கூடக் கூட காத்து வேகமும் கூடுதுன்னு அர்த்தமா? அந்தக் கூண்டுக்குள்ள என்ன இருக்கும்?
- பிளஸ் ஒன் மாணவி, பாம்பன்

கூண்டுக்குள்ள ஒண்ணும் இருக்காதும்மா, அந்தக் கூண்டே தான் சேதி. பகல்ல கூம்பு, உருளை மாதிரி வடிவங்களைக் கம்பத்துல ஏத்துவாங்க, ராத்திரின்னா சிவப்பு வெள்ளை லைட்டு, எது மேல எது கீழன்னு பாத்து படகுல இருக்கிறவங்க நம்பரைப் புரிஞ்சுக்கணும். 1, 2 வந்தா ஆபத்து இன்னும் தூரத்துல இருக்கு. 3, 4 வந்தா நம்ம துறைமுகத்துக்கே மிரட்டல். இதுக்கு மேல தான் நிறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க. 5ன்னா புயல் போற பாதைக்கு இடப்பக்கம் நம்ம துறைமுகம் இருக்கும், 6ன்னா வலப்பக்கம், 7ன்னா நம்ம மேலயே இல்ல பக்கத்துலயே கடக்கும். அதனால 5ஐ விட 6 பெரிய புயல்னு கிடையாது, பக்கம் தான் மாறுது. இதே மூணும் கடுமையான புயலா இருந்தா 8, 9, 10. தகவல் தொடர்பே அறுந்து போச்சுன்னா 11.

பக்கத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்னா, நம்ம பக்கம் புயல் கடிகாரத்துக்கு எதிர்த்திசைல சுத்தும், அது மேற்கு பாத்து கரையேறும்போது வலப்பக்கத்து ஊருங்களுக்குத் தான் காத்து கடல்ல இருந்து தண்ணியைத் தள்ளிக்கிட்டு வரும். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடிக்கு கடல் எப்படி வந்துச்சுன்னு உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க. பாசஞ்சர் ரயிலே போச்சு. எங்க அப்பத்தாவுக்கு கடைசி வரைக்கும் வருஷக் கணக்கே "புயலுக்கு முந்தி, புயலுக்குப் பிந்தி"ன்னு தான்.

கேள்வி: பழைய பாம்பன் பாலம் நடுவுல ரெண்டாப் பிரிஞ்சு திறக்கும், புதுசு ஏன் அப்படி இல்ல?
- ஆட்டோ டிரைவர், மண்டபம்

1914ல திறந்த பழசுல ரெண்டு இறக்கையையும் ஆளுங்க கையால சுத்தித் தான் தூக்கினாங்க. 2025 ஏப்ரல்ல திறந்ததுல 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒண்ணா, நேரா மேல போகும், மோட்டார்ல.

கேள்வி: கணவாய் கழுவும்போது கருப்பா மை தான் வருது, ரத்தத்தையே காணோம். கணவாய்க்கு ரத்தம் கிடையாதா?
- இல்லத்தரசி, தொண்டி

இருக்குக்கா, ஆனா சிவப்பு இல்ல. நம்ம ரத்தத்துல இரும்பு செய்யிற வேலையை அதுல செம்பு செய்யுது, அதனால ஆக்சிஜன் ஏறினா நீலம், ஏறாதப்ப கிட்டத்தட்ட நிறமே தெரியாது, கழுவுற தண்ணில எங்க கண்ணுக்குப் படப்போகுது. அந்த மை எதிரி கண்ணை மறைச்சுட்டுத் தப்பிக்கிறதுக்கு. இன்னொண்ணு, அதுக்கு இதயம் மூணு, ரெண்டு செவுளுக்கு, ஒண்ணு உடம்புக்கு. மீன் மார்க்கெட்ல விக்கிறாங்களே தவிர கணவாய் மீனே இல்ல, சிப்பி, நத்தைக்குத் தான் சொந்தம்.

கேள்வி: எங்க ஸ்கூல் போர்டுல தினம் ஒரு பொது அறிவுக் கேள்வி எழுதுறோம். புள்ளைங்க போன்ல தேடி பதிலை எழுதிட்டுப் போயிடுறாங்க. என்ன பண்ணலாம்?
- ஆசிரியை, கீழக்கரை

டீச்சர், தலைநகரம், நாணயம்னு கேட்டா போன் தான் பதில் சொல்லும். கரையில நின்னு பாத்தா, வீட்ல கேட்டா பதில் கிடைக்கிற மாதிரி கேளுங்க. பாக் ஜலசந்திப் பக்கத்தைப் பெண்கடல்னும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல்னும் ஏன் சொல்றோம்? அதுக்கு எந்த ஆப்பும் வேணாம், படகு ஓட்டுற அப்பா சொல்வாரு, பாக் பக்கம் ஆழம் கம்மி, அலை அடங்கி இருக்கும், ஆனா வாடைக் காத்து வந்துட்டா அதுவும் அடங்காது, மன்னார் பக்கம் பொங்குறது கச்சான் காத்து அடிக்கிற மாசத்துலன்னு. ஆவுளியாங்கிற கடல் பாலூட்டி என்ன தின்னும்னு கேளுங்க, மீன்னு எழுதுற புள்ளை தாத்தாகிட்ட போய்க் கேட்டுட்டு வந்து கடல்புல்லுன்னு திருத்தும், கடல்பசுன்னு ஏன் பேரு வந்துச்சுன்னும் சேத்துப் புரியும்.

நாளைக்கு வேணும்னா இதை எழுதுங்க: கடல்குதிரைல குட்டி போடுறது யாரு? அப்பா தான், அம்மா முட்டையை அப்பா வயித்துப் பையில விட்டுடும். பதிலை ஒரு நாள் கழிச்சு எழுதுங்க டீச்சர், அந்த ஒரு நாளும் புள்ளைங்க வீட்ல அதையே பேசட்டும்.