‘நல்லாத்தானே இருக்கான், அவனுக்கு எதுக்கு டெஸ்ட்?’

கேள்வி: அத்தை மகனைத்தான் திருமணம் செய்திருக்கிறேன். இப்போது கர்ப்பத்தின் 9-வது வாரம். ரத்தப் பரிசோதனையில் எனக்கு ஹெச்பி ஏ2 (ஹீமோகுளோபினில் ஒரு வகை) அளவு 5.2 சதவிகிதம். ‘தலசீமியா கேரியர்’ என்கிறார் டாக்டர். கணவரையும் பரிசோதிக்கச் சொல்கிறார். “அவன் நல்லாத்தானே இருக்கான், நம்ம வம்சத்துலயே யாருக்கும் இல்லையே” என்கிறார் அத்தை. ஐந்தாம் மாத ஸ்கேனில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் கணவர். கருவில் டெஸ்ட் எடுப்பது சட்டப்படி தப்பு என்றும் சொல்கிறார். என் தம்பிக்கும் மாமா வீட்டில் பெண் பேசுகிறார்கள். எனக்குக் குழப்பமாக இருக்கிறது.
- வாசகி, தருமபுரி

பதில்: இந்த வாரமே கணவரை லேபுக்கு அழைத்துப் போங்கள்.

அவர் நன்றாக இருக்கிறார் என்பது சரிதான். நீங்களும் நன்றாகத்தானே இருந்தீர்கள்? தலசீமியா என்பது பரம்பரையாக வரும் ரத்த நோய். அதன் மரபணுவைச் சுமந்தாலும் நோய் இல்லாதவர்கள்தான் கேரியர்கள். அவர்கள் அப்படித்தான் இருப்பார்கள். ரத்தம் கொஞ்சம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரையோடு அனுப்பிவிடுவதால், பலருக்கு வாழ்நாள் முழுக்கத் தெரிவதே இல்லை. உங்கள் அப்பாவும் அத்தையும் உடன்பிறந்தவர்கள். அப்பா வழியில் இது உங்களுக்கு வந்திருந்தால், அத்தை வழியாகக் கணவருக்கும் வந்திருக்கலாம்.

கணவருக்கு சிபிசி (ரத்த அணுக்களின் அளவு), ஹெச்பிஎல்சி (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்ப்பது) இரண்டு ரத்தப் பரிசோதனையும் எடுக்க வேண்டும். ஒரே ஊசிதான். இல்லை என்று வந்துவிட்டால் நிம்மதி. குழந்தை அதிகபட்சம் உங்களைப் போலக் கேரியராக இருக்கும்.

அவரும் கேரியர் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குத் தலசீமியா மேஜர், அதாவது இந்த நோயின் கடுமையான வகை, வர 25 சதவிகித வாய்ப்பு. ஐந்தாம் மாத ஸ்கேனை இதற்கு நம்ப முடியாது. பிறக்கும்போதுகூடக் குழந்தை கொழுகொழுவென்றுதான் இருக்கும். சில மாதங்கள் போனபிறகு வெளுக்கும், பால் குடிக்காது, வயிறு உப்பும். அப்புறம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்ற மருந்தும் வேண்டும். ரத்தம் ஏற்றும் வார்டில் காத்திருக்கும் அம்மாக்கள் பலருக்கு, கர்ப்பத்திலேயே கண்டுபிடிக்கலாம் என்று யாரும் சொன்னதில்லை. உங்கள் டாக்டர் நேரத்தோடு சொல்லியிருக்கிறார்.

கருவைப் பரிசோதிக்க 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து துளி திசு எடுப்பார்கள். அதைத் தவறவிட்டால், 16-வது வாரத்தையொட்டிப் பனிக்குட நீரில் பார்ப்பார்கள். கருக்கலையும் அபாயம் சிறிதளவு உண்டு. டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். ஆனால் அதற்கு முன்பே உங்கள் இருவரின் மரபணுவிலும் மாற்றம் எங்கே என்று கண்டுபிடித்தாக வேண்டும். அதற்கே நாளாகும். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். வேலூர் சி.எம்.சி.யில் இந்த வசதி இருக்கிறது. 1994-ம் ஆண்டுச் சட்டம் தடுப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத்தான். இதுபோன்ற ரத்த நோய்களுக்கான பரிசோதனையை அது அனுமதிக்கிறது.

முடிவு எப்படி வந்தாலும், அடுத்து என்ன என்பதை நீங்களும் கணவரும் மரபணு ஆலோசகரோடு பேசித் தீர்மானியுங்கள். அத்தையோ டாக்டரோ நானோ அதில் உங்களை நெருக்கக் கூடாது.

இரும்பு மாத்திரையைத் தொடரலாமா என்பதை ஃபெரிட்டின் (உடம்பில் சேமிப்பாக உள்ள இரும்பின் அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து டாக்டர் சொல்லட்டும். தம்பிக்கு நிச்சயம் செய்வதற்கு முன்பே அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் இதே ஹெச்பிஎல்சி எடுத்துவிடுங்கள்.