அணிக்கு வயதாகிவிட்டது, வருங்காலத்தை விற்று ஆள் வாங்கலாமா?

கேள்வி: டொராண்டோவில் இருந்தாலும் நான் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணியின் ரசிகன். 2023 ஆகஸ்டில் சான் ஹோசே அணியிடமிருந்து எரிக் கார்ல்சனை வாங்க முதல் சுற்று டிராஃப்ட் பிக்கை (புது இளைஞர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் ஒருவரை எடுக்கும் உரிமை) கொடுத்தபோது துள்ளிக் குதித்தேன். "விதைநெல்லை அவித்துத் தின்கிறார்கள்" என்று என் மச்சான் இன்றைக்கும் குத்திக்காட்டுகிறார். டிரேட் கெடு (சீசன் நடுவே ஆள் மாற்றிக்கொள்ளக் கடைசி நாள்) வந்தாலே எங்கள் வீட்டில் இதே சண்டைதான். வயதான அணி இப்படி வாங்குவது சரியா? எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: மச்சான் சொல்வது பாதிதான் சரி. டிராஃப்டில் எடுக்கும் பையனுக்கு 18 வயது. உச்சியில் எடுக்கப்படும் ஓரிருவரைத் தவிர மற்றவர்கள் என்எச்எல் லீக்கில் நிலைத்து ஆட மூன்று நான்கு வருடம் பிடிக்கும். கார்ல்சன் டிரேட் முடிந்த மறுநாள் பிட்ஸ்பர்க்கின் நட்சத்திரம் சிட்னி கிராஸ்பிக்கு 36 வயது. லெடாங்குக்கும் 36, மால்கினுக்கு 37. அந்த நெல் கதிர் விடும்போது சாப்பிட இவர்கள் பந்தியில் இருப்பார்களா என்பதே சந்தேகம். லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை மூன்று முறை வென்றவர்களை வைத்துக்கொண்டு பிக்கைப் பூட்டி வைப்பதில் அர்த்தமில்லை. ஆகவே, கொடுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன்.

வாங்கியதில்தான் கோளாறு. கார்ல்சனுக்கும் அப்போது 33. முந்தைய சீசனில் 101 புள்ளிகள் (அடித்த கோலும், கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்த்து) எடுத்து, சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான (தடுப்பாட்டக்காரர்) நாரிஸ் விருது வாங்கியவர், உண்மைதான். ஆனால் கிராஸ்பிக்கு ஓடும் கடிகாரம்தானே அவருக்கும் ஓடுகிறது? ஒப்பந்தமோ 2027 வரை. சான் ஹோசே ஒரு பங்கை ஏற்றுக்கொண்ட பிறகும் ஓர் அணி கொடுக்கலாம் என்று லீக் வைத்திருக்கும் சம்பள உச்சவரம்பில் ஆண்டுக்கு 1 கோடி டாலர். முதல் சீசனில் அவர் எடுத்தது 56 புள்ளிகள். அணி புள்ளிப்பட்டியலில் 88 புள்ளிகளோடு, மூன்றே புள்ளியில் பிளேஆஃபை (கோப்பைக்கான நாக்-அவுட் சுற்று) தவறவிட்டது. டிராஃப்டில் கீழே முடித்த அணிகளுக்கே முன் இடம்; அந்த வரிசையில் முதல் பத்து இடத்துக்குள் வந்தால் பிக் தங்களுக்கே என்று பிட்ஸ்பர்க் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. வந்தது 14ஆவது இடம். பிளேஆஃபும் இல்லை, பிக்கும் இல்லை.

அந்த நிபந்தனையை மட்டும் லேசாக நினைக்காதீர்கள். வயதான அணி சரிந்தால், அது விற்றுவிட்ட பிக்கின் மதிப்பு தானாகவே ஏறும். 2018இல் இதே கார்ல்சனை ஒட்டாவாவிடமிருந்து வாங்கியது சான் ஹோசே. முதல் வருடம் மேற்குப் பிரிவு இறுதிவரை போனார்கள். அடுத்த வருடமே சரிவு. 2020க்கான அவர்களுடைய பிக் மூன்றாவது இடத்தில் விழுந்தது. அதில் ஒட்டாவா எடுத்தது, பின்னால் அவர்களுடைய நட்சத்திரமான டிம் ஸ்டூட்ஸ்லேவை. ஒரே ஆளை வாங்கி இரண்டு ஊர்கள் கையைச் சுட்டுக்கொண்டன. பாவம், அவர் மேல் தப்பில்லை.

நல்ல உதாரணம் டாம்பா பே. 2020 பிப்ரவரியில் பிளேக் கோல்மன், பார்க்லே குட்ரோ இருவருக்கும் ஆளுக்கொரு முதல் சுற்று பிக் கொடுத்தார்கள். அப்போது பலருக்கு அது அநியாய விலையாகப் பட்டது. ஆனால் ஒருவருக்கு வயது 28, இன்னொருவருக்கு 26. இருவருக்குமே ஒப்பந்தத்தில் மேலும் ஒரு வருடம் மிச்சம். அடுத்தடுத்து இரண்டு கோப்பை. சரி, இளம் வயது என்றாலே போதுமா? அதே டாம்பா 2023இல் 25 வயது டேனர் ஜனோவுக்கு ஐந்து பிக்குகளையும் ஓர் ஆளையும் அள்ளிக் கொடுத்தது. முந்தைய சீசனில் அவர் 24 கோல் அடித்தவர்; டிரேட் நடந்த சீசனில் அதுவரை அடித்தது வெறும் ஐந்து. மறு வருடமே அவரை இரண்டு பிக்குகளுக்குத் தள்ளிவிட்டார்கள்.

2025இல் ஃபுளோரிடா 36 வயது மார்ஷண்டை வாங்கிக் கோப்பை வென்றதே என்று மச்சானிடம் மடக்கப் பார்க்காதீர்கள். முக்கிய ஆட்டக்காரர்களான பார்கோவ், ரைன்ஹார்ட், கச்சக் மூவரும் 30ஐத் தொடாத அணி அது. அங்கே மார்ஷண்ட் தொட்டுக்கொள்ள ஊறுகாய். ஊறுகாயையே சோறாகப் போட முடியாது.

வீட்டுச் சண்டைக்கு ஒரு வழி சொல்கிறேன்: ஒரே ஒரு பிக் போன பாதையைப் பாருங்கள். 2023இல் பாஸ்டன் 65 வெற்றி, 135 புள்ளி என்று லீக் சாதனை படைத்த சீசன். 37 வயது கேப்டன் பெர்ஜரானுக்காக இன்னொரு கோப்பை வேண்டும் என்று, தன் முதல் சுற்று பிக்கோடு வேறு சிலவற்றையும் சேர்த்து வாஷிங்டனுக்குக் கொடுத்து ஓர்லோவையும் ஹாத்தவேயையும் வாங்கியது. ஃபுளோரிடாவிடம் முதல் சுற்றிலேயே ஏழு ஆட்டங்களில் வெளியேறியது. கோடையில் பெர்ஜரான் ஓய்வு பெற்றார்; வாங்கிய இருவரும் வேறு அணிகளுக்குப் போய்விட்டார்கள்.

மூத்த நட்சத்திரம் ஒவெச்கினை வைத்திருந்த வாஷிங்டனும் அப்போது வயதான அணிதான். அது அந்த பிக்கை ஒரு வாரம்கூடக் கையில் வைத்துக்கொள்ளவில்லை. டொராண்டோவிடம் கொடுத்து 22 வயது ராஸ்மஸ் சாண்டினை வாங்கியது. இரண்டு வருடம் கழித்து ஒவெச்கின் கிரெட்ஸ்கியின் கோல் சாதனையை முறியடித்த சீசனில், சாண்டினும் ஆடிய அந்த அணி 111 புள்ளிகளோடு கிழக்கில் முதலிடம் பிடித்தது.

பிக் என்ன ஆனது? உங்கள் ஊருக்குத்தான் வந்தது. 28ஆவது இடத்தில் டொராண்டோ அணியான லீஃப்ஸ் எடுத்த ஈஸ்டன் கோவன் அந்தப் பிக்தான். மச்சான் லீஃப்ஸ் ரசிகராக இருந்தால் இதை அவரிடம் சொல்லாமல் விடுவது நல்லது.