வத்தல் கொள்முதல்: எப்போது, யாரிடம்?

கேள்வி: மதுரையில் சிறிய மசாலாப் பொடித் தொழிற்கூடம் நடத்துகிறேன். நாளொன்றுக்கு 20 கிலோ மிளகாய் வத்தல் தேவைப்படுகிறது. ஒரே மண்டியை நம்பியிருப்பதால், சரக்கு தாமதமானால் அரைவையே நின்றுவிடுகிறது. கொள்முதலை எவ்வாறு திட்டமிடுவது?

பதில்: சரக்கு வந்து சேர 7 நாள் ஆகுமெனில் அதற்கு 140 கிலோ, தாமதத்தை ஈடுகட்ட மேலும் 3 நாளுக்கு 60 கிலோ; ஆக, இருப்பு 200 கிலோவாகக் குறையும் அன்றே அடுத்த சரக்குக்குச் சொல்லிவிடுங்கள். குண்டூர் வத்தல் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சந்தையில் குவியும்போது மொத்தமாக வாங்கிக் குளிர்பதனக் கிடங்கில் வைக்கலாம். ஆனால் கிடங்கு வாடகையையும் முடங்கும் பணத்துக்கான வட்டியையும் கூட்டிப் பார்த்த பிறகே அதில் இறங்க வேண்டும்.

விலையை மட்டும் பார்த்து வியாபாரியைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஈரத்தையும் காம்பையும் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பேன். உணவுப் பாதுகாப்பு விதிப்படி முழு வத்தலில் ஈரப்பதம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒப்புக்கொண்ட மாதிரியை உறையிட்டு வைத்து, வரும் மூட்டைகளை, குறிப்பாக அடிமூட்டையை, அதனோடு ஒப்பிடுங்கள். புதியவரிடம் முதலில் சிறு அளவே வாங்குங்கள். பழைய மண்டிக்காரரையும் அடியோடு விட்டுவிடாதீர்கள். அவசரத்துக்குக் கடனில் மூட்டை அனுப்பக்கூடியவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.