ஓரல் பேத்தாலஜியை மூன்றாம் முறையும் வாசிக்கலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். பி.டி.எஸ். முடித்து இன்டர்ன்ஷிப் செய்கிறேன். பல் மருத்துவ மேற்படிப்புக்கான நீட் எம்.டி.எஸ். தேர்வுக்காக ஓரல் பேத்தாலஜியை (வாய் நோய்க்குறியியல்) இரண்டு முறை முழுதாக வாசித்துவிட்டேன். கேள்வியைப் பார்த்ததும் சிஸ்ட் (நீர்க்கட்டி), ட்யூமர் (கட்டி) எல்லாம் குழம்பிவிடுகின்றன. மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கவா?

பதில்: வேண்டாம். நான்கு விடைகளில் இரண்டை நீங்களே தள்ளிவிடுவீர்கள். மார்க் போவது மிச்சமுள்ள இரண்டில்தான். அந்த இரண்டையும் ஒரு நோட்டில் எதிரெதிரே எழுதிப் படியுங்கள்.

டென்டிஜெரஸ் சிஸ்ட்டும் ஏ.ஓ.டி. (அடினோமட்டாய்டு ஓடோன்டோஜெனிக் ட்யூமர்) என்ற கட்டியும் முளைக்காத பல்லைச் சுற்றி எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரியும். முதலாவது, பல்லின் மேலுறையான எனாமலும் வேரின் உறையான சிமென்டமும் சேரும் கோட்டில் ஒட்டியிருக்கும். அதிகம் வருவது கீழ்த்தாடை ஞானப்பல்லில். ஏ.ஓ.டி. பெரும்பாலும் அந்தக் கோட்டைத் தாண்டி வேர்ப் பக்கம் இறங்கும். பதின்வயதுப் பெண், மேல்தாடையின் முன்பகுதி, முளைக்காத கோரைப்பல் என்று கேள்வியிலேயே துப்பு கிடக்கும்.

அமெலோபிளாஸ்டோமா என்ற ட்யூமர், கெரட்டோசிஸ்ட் இரண்டும் கீழ்த்தாடையின் பின்பக்கத்துக்காரர்கள். முன்னது எலும்பைப் பக்கவாட்டில் உப்ப வைக்கும். பின்னது மஜ்ஜை வழியே முன்னும் பின்னுமாகப் பரவும், வெளியே வீக்கம் அவ்வளவாகத் தெரியாது. கெரட்டோசிஸ்ட்டின் ஸ்லைடில் 6 முதல் 8 செல் தடிப்புள்ள எபிதீலியம் (மேற்படலம்), வரிசை கட்டிய அடிச்செல்கள், மேலே நெளிநெளியான பாராகெரட்டின் அடுக்கு. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் இதை ட்யூமர் என்று பெயர் மாற்றி, 2017-இல் மறுபடி சிஸ்ட் ஆக்கிவிட்டது. சீனியரிடம் வாங்கிய நோட்ஸ் என்றால் இதை முதலில் சரிபாருங்கள்.

அடுத்து வாயில் கொப்புளம் வரும் இரண்டு நோய்கள். பெம்ஃபிகஸ் வல்காரிஸில் பிளவு எபிதீலியத்துக்குள்ளேயே, அடிச்செல்லுக்கு மேலே விழும். பெம்ஃபிகாய்டில் எபிதீலியம் மொத்தமாகக் கழன்று வரும். ஆன்டிபாடியை ஒளிரவைத்துப் பார்க்கும் இம்யூனோஃப்ளோரசன்ஸ் படத்தில் முன்னது மீன்வலை, பின்னது ஒரே கோடு. காசிமேட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பவருக்கு வலையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை!

வடசென்னையில் இன்டர்ன்ஷிப் என்றால், மாவா (பாக்கும் புகையிலையும் சேர்ந்த கலவை) போட்டுப் போட்டு வாய் திறக்க முடியாமல் வருபவர்களை ஓ.பி.யில் பார்த்திருப்பீர்கள். வாயின் உட்புறம் இறுகிப்போகும் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸை அங்கேயே படித்துவிடலாம். பாக்கிலுள்ள அரெக்கோலின் என்ற பொருள், ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்லைத் தூண்டி கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைக் கூட்டுகிறது. பாக்கிலுள்ள தாமிரம் லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதியை முடுக்கிவிட்டு அந்தக் கொலாஜனை இறுக்குகிறது. கன்னத்தின் உட்புறத்தில் விரலுக்குத் தட்டுப்படும் பட்டைகள் இதன் விளைவுதான். கேஸ் ஷீட் எழுதும்போதே இந்தத் தொடரை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் புத்தகத்தில் அந்தப் பகுதியைத் தேட வேண்டியிருக்காது.

சின்ட்ரோம், மரபணுப் பெயர்கள் எல்லாம் வெறும் மனப்பாடம். கடைசி வாரத்துக்குத் தள்ளுங்கள்.

சரியான விடைக்கு 4, தவறுக்குக் கழிவு 1. இரண்டில் ஒன்று என்று நின்றால் தயங்காமல் குறித்துவிடுங்கள், கணக்கு உங்கள் பக்கம்தான். மாதிரித் தேர்வில் எந்த ஜோடியில் தடுமாறினீர்களோ, அன்று இரவே அதை நோட்டின் அடுத்த பக்கத்தில் ஏற்றிவிடுங்கள்.