இருபது வயதில் ஒரு பழைய மஸ்டாங் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பழைய கார்கள் கூட்டமாக உலா வரும் டெட்ராய்ட்டின் வுட்வர்ட் அவென்யூ சாலையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இந்தக் கடிதம். நாங்கள் மிஷிகனில் டிராய் நகரில் இருக்கிறோம். சொந்த ஊர் திண்டுக்கல். எனக்குக் கார் துறையில், ஏபிஎஸ் (திடீரென்று மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடு) பிரேக் மென்பொருளில் வேலை. மகனுக்கு இருபது வயது. படித்துக்கொண்டே டயர் கடையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் 1966 ஃபோர்டு மஸ்டாங் கார் ஒன்றை வாங்கியே தீருவேன் என்று நிற்கிறான். ஆறு சிலிண்டர், மூன்று கியர். எட்டு சிலிண்டருக்குக் கையிலிருக்கும் காசு போதவில்லையாம். ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது, தோளில் மாட்டும் பெல்ட் கூடக் கிடையாது. 'காயலான் கடைக்குப் போக வேண்டியதை வீட்டுக்குக் கொண்டு வருகிறான்' என்கிறாள் மனைவி. எனக்குப் புரியாதது வேறு. அந்த வண்டி வந்தபோது நானே பிறக்கவில்லை. அந்தக் காலத்து நினைவு எதுவுமே இல்லாத பையனுக்கு இதில் என்ன இருக்கிறது? பணக்காரக் கிழவர்களின் பொழுதுபோக்கைப் பார்த்து ஆசைப்படுகிறானோ? வாங்க விடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். விடலாம். ஆனால் பிரேக் வேலை முடியாமல் அந்த வண்டி தெருவில் இறங்கக் கூடாது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

'பணக்காரக் கிழவர்களின் பொழுதுபோக்கு' என்கிறீர்கள். ஏலங்களை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 1971 பிளைமவுத் ஹெமி குடா கன்வர்ட்டிபிள் (கூரையை மடக்கும் கார்) ஒன்று 2014-இல் 35 லட்சம் டாலருக்குப் போனது. அந்த மாதிரி வண்டி பெரும்பாலும் ரோட்டில் ஓடாது. டிரெய்லரில் வந்து கண்காட்சிப் புல்தரையில் இறங்கும், சாயங்காலம் டிரெய்லரிலேயே திரும்பிப் போகும். நானும் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மசில் கார் எனப்படும், சாதாரண உடலில் பெரிய எஞ்சின் வைத்த இந்த வண்டிகளை யாரை மனதில் வைத்துச் செய்தார்கள் என்று பாருங்கள்.

நடுத்தர அளவு வண்டியில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு விதி இருந்தது. அதன் ஒரு பிரிவான போன்டியாக்கின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டெலோரியனும் அவருடைய சகாக்களும் பெரிய வண்டிக்கான 389 கன அங்குல எஞ்சினை எடுத்து நடுத்தர அளவு டெம்பெஸ்ட் காரில் உட்கார வைத்தார்கள். புது மாடல் என்று சொன்னால் மேலிடத்தில் அனுமதி கேட்க வேண்டும். அதனால் விலைப்பட்டியலில் 'விருப்பமிருந்தால் கூடுதலாக' என்று ஒரு வரியாகச் சேர்த்துவிட்டார்கள். 1964 மாடலில் வந்த ஜிடிஓ அதுதான். முதல் வருடமே 32,000-க்கு மேல் விற்றது. விற்ற பிறகு விதியைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்? அதே 1964 ஏப்ரலில் ஃபோர்டு மஸ்டாங்கைக் கொண்டு வந்தது. ஆரம்ப விலை 2,368 டாலர். 1968 மாடலில் பிளைமவுத் ரோட் ரன்னர். கீழே கார்ப்பெட் இல்லை, ரப்பர் விரிப்பு. முன்னால் நீளமாக ஒரே சீட். எல்லா இடத்திலும் காசைப் பிடித்துவிட்டு எஞ்சினில் மட்டும் தாராளம்: 335 குதிரைசக்தி. அடிப்படை விலை 3,000 டாலருக்குள். போருக்குப் பின் பிறந்து, அப்போதுதான் சம்பளம் வாங்க ஆரம்பித்திருந்த பையன்களுக்காகவே கணக்குப் போட்டுச் செய்த வண்டிகள் இவை. உங்கள் மகன் வயதுதான் அவர்களுக்கும்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரிந்திருக்கும். 1970 வாக்கில் காப்பீட்டு நிறுவனங்கள், பெரிய எஞ்சினும் சின்ன வயதும் சேர்ந்தால் பிரீமியத்தைத் தாறுமாறாக ஏற்றின. ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக 1971 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்ப்ரஷனை (எஞ்சினுக்குள் எரிபொருள் கலவையை அழுத்தும் அளவை) குறைத்தது; சக்தியும் குறைந்தது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி. ஆக, இளைஞர்கள் கையிலிருந்து இவற்றை முதலில் பிடுங்கியது காப்பீடு, அப்புறம் பெட்ரோல். மிச்சமிருந்ததை ஏலக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். டயர் கடைச் சம்பளத்தில் ஆறு சிலிண்டர் மஸ்டாங் வாங்கி அதை ஓட்ட நினைக்கிற பையன், அந்த 35 லட்சம் டாலர் குடாவின் சொந்தக்காரரை விட டெலோரியன் நினைத்த வாடிக்கையாளருக்குப் பக்கத்தில் இருக்கிறான். (ஆறு சிலிண்டரை மசில் கார் என்று வுட்வர்டில் நின்று சொன்னால் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.)

நினைவே இல்லாதவனுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். வுட்வர்டில், ராயல் ஓக் பக்கம் ஒரு கடையின் பார்க்கிங்கில் பார்த்ததைச் சொல்கிறேன். ஆகஸ்ட் வெயில். 1970 செவர்லே நோவா ஒன்றின் பானெட் திறந்திருந்தது. குனிந்து நின்ற பெண்ணுக்கு இருபதோ இருபத்திரண்டோ இருக்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கால செவர்லே வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினில், சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. தகரக் கதவைத் தூக்கிவிட்டு, எஞ்சின் ஓடும்போதே ஆலன் கீயை உள்ளே விட்டு தீப்பொறிக்காக மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சிபி பாயிண்ட்டைச் சரி செய்யலாம். அவள் மெதுவாகத் திருகினாள். எஞ்சின் தடுமாறி நிற்கப் போனது. உடனே அரைச் சுற்று பின்னால் திருப்பினாள். சத்தம் ஒரு சீராக வந்தது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, ஒன்றும் சொல்லாமல் தன் வண்டி டிக்கியிலிருந்து டுவெல் மீட்டரை (பாயிண்ட் எத்தனை டிகிரி மூடியிருக்கிறது என்று காட்டும் கருவி) எடுத்து வந்து மாட்டினார். முள் முப்பது டிகிரியில் நின்றது. புத்தகத்தில் போட்டிருப்பதும் அதுதான். யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று பெரியவர் கேட்டார். யூடியூப் என்றாள். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அப்புறம் இரண்டு பேரும் கார்புரேட்டரில் இறங்கிவிட்டார்கள். நான் காபி குடித்துவிட்டு வந்தபோதும் அங்கேயேதான் இருந்தார்கள்.

அந்தப் பெண்ணுக்கு 1970 பற்றி என்ன நினைவு இருக்க முடியும்? நினைவு பெரியவருடையது. வண்டி அவளுடையது. கன்சாஸில் மெக்பெர்சன் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. பழைய கார்களைப் புதுப்பிப்பதில் நான்கு வருடப் பட்டப்படிப்பே நடத்துகிறார்கள். அங்கே சேர்கிற பிள்ளைகளும் இந்த வண்டிகள் புதிதாக ஓடியதைப் பார்த்தவர்கள் இல்லை.

சரி, பிரேக்குக்கு வருகிறேன். பிரேக்கே உங்கள் தொழில், உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனாலும் பையனுக்குத் தெரியட்டும். 1966 மஸ்டாங்கில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் எண்ணெய்ச் சுற்று, எண்ணெயை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை. எங்காவது ஒரு குழாய் கசிந்தால் நான்கும் போச்சு. அப்புறம் டேஷ்போர்டுக்குக் கீழே இழுக்கிற கைபிரேக்தான் கதி. 1967 மாடலில்தான் இரட்டைச் சுற்று வந்தது. அந்த வகை மாஸ்டர் சிலிண்டரையும் புதுக் குழாய்களையும் இதில் மாட்டலாம், பலரும் மாட்டுகிறார்கள். உங்கள் மகன் பார்த்திருப்பது நாலு போல்ட் சக்கரம், சுற்றிலும் டிரம் பிரேக். கொஞ்சம் தேடினால் அதற்கும் முன்பக்க டிஸ்க் கிட் கிடைக்கிறது. தோளையும் பிடிக்கும் மூன்று முனை பெல்ட்டும் போட்டுவிடுங்கள். இதை வேறு யாரிடமும் கொடுக்காமல் நீங்களும் அவனுமே செய்யுங்கள் என்பேன்.

சில விஷயங்களை மாற்ற முடியாது. ஸ்டீயரிங் தண்டு மோதினால் மடங்காது. டிக்கியின் தரையே பெட்ரோல் டாங்க்கின் மேல்தகடுதான். ஆகவே இது ஐ-75 நெடுஞ்சாலையில் இரவு மழையில் எழுபது மைலில் பறப்பதற்கான வண்டி அல்ல என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பனிக்காகச் சாலையில் உப்புப் போடும் மாதங்களில் வெளியே எடுக்கவே வேண்டாம்.

வாங்கும் முன் ஒரே ஒரு சோதனை. முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்கு முன்னால் காற்று போவதற்கு வரிசையாகத் துளைகள் இருக்கும். அதற்குள்தான் அந்த வருடத்து மஸ்டாங்குகள் அதிகம் துருப்பிடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு குடம் தண்ணீரை அந்தத் துளைகளில் ஊற்றச் சொல்லிவிட்டு, நீங்கள் டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். சொட்டினால் விலையைப் பாதியாகக் குறைத்தாலும் வேண்டாம். அதைச் சரி செய்ய வெல்டிங்கைத் துளைத்து முன்பக்கத்தையே பிரிக்க வேண்டும். காந்தம் ஒன்றும் எடுத்துப் போங்கள். பின் சக்கரத்துக்கு மேலே ஒட்டாவிட்டால் உள்ளே பட்டிதான், தகடு இல்லை.

காப்பீட்டில்தான் இன்றும் பழைய கதை. பழைய கார்களுக்கென்று தனி பாலிசி உண்டு, மலிவும்கூட. ஆனால் சின்ன வயதுக்காரர் என்றால் தயங்குவார்கள், தினசரி ஓட்ட வேறு வண்டி இருக்கிறதா என்றும் கேட்பார்கள். அவன் தினமும் ஓட்டப்போகிறான் என்றால் சாதாரண பாலிசிதான். விலை கேட்டுவிட்டு அப்புறம் முன்பணம் கொடுங்கள்.

இன்னொன்று. அடுத்த வருடம் வி8 எஞ்சினை இதிலேயே மாட்டிவிடலாம் என்று ஆரம்பிப்பான். எல்லாரும் ஆரம்பிப்பார்கள். எஞ்சினோடு முடியாது. முன் ஸ்பிரிங், ஸ்டீயரிங் இணைப்புகள், ரேடியேட்டர், பின் ஆக்சில், ஐந்து போல்ட் சக்கரம் என்று எல்லாம் மாற வேண்டும். அதற்கு இதை விற்றுவிட்டு முதலிலிருந்தே வி8 ஆக வந்த வண்டியை வாங்குவது மலிவு. வண்டியில் பொறித்த அடையாள எண்ணில், எண்களையும் சேர்த்து ஐந்தாவதாக வரும் எழுத்தைப் பார்த்தால் போதும். ஆங்கில 'T' இருந்தால் ஆறு சிலிண்டராகப் பிறந்தது, 'C' இருந்தால் 289 கன அங்குல வி8. விற்பவர் வாயால் என்ன சொன்னாலும் சரி.

அன்புடன்.