ஆஸ்திரியா, போலந்து, உக்ரைன்: கொள்ளுத் தாத்தா எந்த ஊர்க்காரர்?

கேள்வி: என் கணவர் கனடாவிலேயே பிறந்தவர். அவருடைய கொள்ளுத் தாத்தா 1907ல் மனிடோபாவுக்குக் குடிவந்தவர் என்பது மட்டும் தெரியும். பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் பிறந்த நாடு 'ஆஸ்திரியா' என்று இருக்கிறது. என் மாமியார், 'நாம் உக்ரேனியர்' என்கிறார். கொள்ளுத் தாத்தாவின் தங்கை வழியில் வந்த அத்தையோ, 'நம் ஆட்கள் போலிஷ்காரர்கள்' என்று அடித்துச் சொல்கிறார். மகளுக்காகக் குடும்ப வரலாற்றை எழுதி வைக்க ஆசை. யார் சொல்வது சரி? எங்கிருந்து தேடத் தொடங்குவது?
– ஒரு வாசகி, வின்னிபெக்

பதில்: கணக்கெடுப்புக் காகிதம், மாமியார், அத்தை மூவர் சொல்வதும் ஒருசேரச் சரியாக இருக்கலாம்.

கலீசியா என்று ஒரு பகுதி இருந்தது. 1772 முதல் 1918 வரை அது ஆஸ்திரியப் பேரரசின் கையில். முதல் உலகப் போருக்குப் பின் முழுவதும் போலந்துக்குப் போனது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அதன் கிழக்குப் பாதி சோவியத் உக்ரைனில் சேர்ந்தது. லிவிவ் நகரம் அங்கேதான் இருக்கிறது. அன்று அதற்கு லெம்பெர்க் என்று பெயர், போலிஷில் லுவூவ். ஆஸ்திரியாவிலிருந்து மனிடோபாவுக்கு வந்த விவசாயி என்றால், பெரும்பாலும் கலீசியாவிலிருந்து வந்திருப்பார். இல்லையென்றால் அதை ஒட்டிய புக்கோவினாவிலிருந்து. அதனால் நாட்டின் பெயரை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியவை இரண்டுதான்: கிராமத்தின் பெயர், குடும்பம் போன கோவில்.

கோவிலை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் காலக் கலீசியக் கிராமத்தில் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றையும் பதிந்தவர் பங்குச் சாமியார். போலிஷ்காரர்கள் பெரும்பாலும் ரோமன் கத்தோலிக்கர்கள். உக்ரேனியர்கள் பெரும்பாலும் கிரேக்கக் கத்தோலிக்கர்கள். போப்பை ஏற்றுக்கொண்டு, வழிபாட்டைக் கிழக்கத்திய முறையில் நடத்துபவர்கள். அன்றைய காகிதங்களில் இவர்களை ருத்தேனியர் என்று எழுதினார்கள். இரு தரப்புக்கும் கலப்புத் திருமணம் சாதாரணமாக நடந்தது. அப்படிப்பட்ட வீட்டில் மகன்கள் அப்பாவின் கோவிலையும் மகள்கள் அம்மாவின் கோவிலையும் சேர்வது வழக்கம். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பதிவேட்டில், தங்கை இன்னொரு பதிவேட்டில்! உங்கள் வீட்டில் நடந்தது இதுதான் என்று நான் முடிவு கட்டவில்லை. ஆனால் அண்ணன் வழி உக்ரேனியர், தங்கை வழி போலிஷ் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

சரி, கிராமத்தின் பெயரை எப்படிப் பிடிப்பது? கலீசியாவில் தேடும் முன் மனிடோபாவில் தேடுங்கள். முதலில் கல்லறைக்குப் போய்வாருங்கள். பழைய உக்ரேனியக் கல்லறைக் கற்களில் சிரிலிக் எழுத்தில் ஊரையும் மாவட்டத்தையும் வெட்டிவைத்திருப்பது உண்டு. மாவட்டம் மிக முக்கியம், ஏனென்றால் வோலா, டொம்ப்ரோவா போன்ற பெயரில் எத்தனையோ ஊர்கள். அடுத்து, அவர் குடியுரிமை பெற்ற கோப்பு. 1917 வரையிலான மூலக் கோப்புகள் அழிக்கப்பட்டுவிட்டன, அட்டைகள்தான் மிச்சம். அதற்குப் பின் குடியுரிமை பெற்றிருந்தால் விரிவான கோப்பே இருக்கும். 1915 முதல் 1951 வரையிலான பெயர்களைக் கனடா தேசிய நூலக ஆவணக் காப்பகத்தின் தளத்தில் தேடலாம். ஹாம்பர்க் துறைமுகத்தில் கப்பல் ஏறியிருந்தால் இன்னும் நல்லது. 1850 முதல் 1934 வரையிலான அந்தப் பயணிகள் பட்டியலில் கடைசியாக வசித்த ஊரையும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். இன்னொரு ஜெர்மன் துறைமுகமான பிரேமனின் பட்டியல்கள் பெரும்பாலும் அழிந்துபோயின.

பெயரை மட்டும் ஒரே எழுத்துக்கூட்டலில் தேடாதீர்கள். வீட்டில் வசீல் என்று கூப்பிட்டவரைச் சாமியார் லத்தீனில் பசிலியுஸ் என்று எழுதியிருப்பார், போலிஷ் காகிதத்தில் பசிலி, கனடாவில் வில்லியம். திமித்ரோ இங்கே மெட்ரோ ஆகிவிடுவார். குடும்பப் பெயரும் அப்படியே: 'ஷ' ஒலிக்குப் போலிஷில் எஸ், இசட் இரண்டையும் சேர்த்து எழுதுவார்கள், கனடாவில் எஸ், எச். அதிகாரிகள் இறங்கியவுடன் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று பல குடும்பங்களில் ஒரு கதை உலவும். அதை நம்ப வேண்டாம். இறங்கிய இடத்து அதிகாரி, கப்பல் ஏறும்போதே எழுதிவந்த பட்டியலைத்தான் சரிபார்த்தார். பெயர்கள் பின்னால் பள்ளியிலும் வேலையிடத்திலும் மெல்ல மெல்ல மாறின.

ஊர் கிடைத்துவிட்டால் பதிவேட்டுக்குப் போகலாம். கிழக்குக் கலீசியாவின் கிரேக்கக் கத்தோலிக்கப் பதிவேடுகளின் பெருந்தொகுப்பு லிவிவில் உள்ள மத்திய வரலாற்று ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதே பகுதியின் ரோமன் கத்தோலிக்கப் பதிவேடுகளில் பல, வார்சாவில் உள்ள பழைய ஆவணங்களின் மையக் காப்பகத்தில். நாடு மாறியபோது புத்தகங்களும் பிரிந்துபோனதால் அண்ணனுக்கு ஒரு நகரம், தங்கைக்கு இன்னொரு நகரம் என்று தேட வேண்டியிருக்கலாம். வார்சாப் பதிவேட்டுப் பக்கங்களின் படங்களை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். லிவிவ் ஏடுகளுக்கு, குடும்ப வரலாற்றுத் தளமான ஃபேமிலிசர்ச்சில் தொடங்குங்கள்.

ஒரு தோழிக்காக அப்படிப்பட்ட ஒரு பக்கத்தின் முன் நான் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். 1784க்குப் பின் அரசு வகுத்த கட்டம் போட்ட படிவம், எல்லாம் லத்தீன். பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, அப்புறம் வீட்டு எண், குழந்தையின் பெயர். மதம், ஆணா பெண்ணா என்ற கட்டங்களில் வெறும் ஒரு கோடு. பிறகு பெற்றோர், கடைசியில் ஞானப் பெற்றோர், 'அக்ரிகோலா', அதாவது விவசாயி. லத்தீன் தெரியாமலே பத்தாவது வரியில் புரிந்துவிட்டது. நான் முதலில் பெயரைத் தேடிக் களைத்தேன். பிறகு 47 என்ற வீட்டு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போனேன். அதே வீட்டில் பிறந்த ஏழு குழந்தைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவர்களில் மூவர் சில மாதங்களிலேயே இறப்புப் பதிவேட்டிலும் இருந்தார்கள். தோழியின் குடும்பத்தில் அந்த மூவரைப் பற்றி யாருக்கும் தெரியாது. நீங்களும் வீட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறந்தநாள் 12 நாள் தள்ளி இருந்தால் பதற வேண்டாம். கிரேக்கக் கத்தோலிக்கர்கள் பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றினார்கள். 19ஆம் நூற்றாண்டில் வித்தியாசம் 12 நாள், 1900க்குப் பின் 13.

மாமியாரிடம் பேசும்போது ஒன்றை மனதில் வைத்திருங்கள். அந்த 'ஆஸ்திரியா' என்ற ஒரு சொல்லால் இவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1914ல் போர் வந்ததும் ஆஸ்திரியக் குடிமக்கள் கனடாவுக்கு எதிரி நாட்டவர் ஆனார்கள். சுமார் 80,000 பேர் தங்களைப் பதிவு செய்துகொண்டு தவறாமல் அதிகாரிகள் முன் வந்து நிற்க வேண்டியிருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் உக்ரேனியர். 8,500க்கும் மேற்பட்டவர்களை முகாம்களில் அடைத்து, பலரிடம் வேலை வாங்கினார்கள். சில வீடுகளில் பெரியவர்கள் ஊர்ப் பேச்சையே எடுக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே கேள்வி மேல் கேள்வியாகக் கேட்காமல், பழைய பெட்டியைத் திறந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். பிரார்த்தனைப் புத்தகத்தின் முதல் தாள், புகைப்படங்களின் பின்பக்கம், ஊரிலிருந்து வந்த கடித உறைகள் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். அஞ்சல் முத்திரையில் ஊர்ப் பெயர் பாதி தெரிந்தாலும் போதும்.

அத்தையிடமும் இதே வேலையைச் செய்யுங்கள், அதே வாரத்திலேயே. அவருடைய பாட்டி எந்தக் கோவிலில் ஞானஸ்நானம் பெற்றார் என்று மட்டும் கூடுதலாகக் கேளுங்கள். பதில் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள்.